கொலு பொம்மை என்று சொல்லிவிட்டேன்

அந்த வார்த்தையை நான் தமிழில்தான் சொன்னேன். அந்த ஒரு ஆறுதல் மட்டும் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். நானும் மனைவியும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து காரில் கிளம்பி, யார்க்ஷயர் டேல்ஸ் மலைகளுக்கு நடுவில் ஹாஸ் என்ற சின்னச் சந்தையூருக்குப் போயிருந்தோம். ஊரில் ஆயிரத்து நூறு பேர் இருந்தால் அதிகம். பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுப் பட்டறை. உள்ளே போக அப்போது கட்டணம் இல்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க முடிந்தது. சுவரில் விளக்கப் பலகைகள், முன்பக்கம் ஒரு கடை. நாயைப் பிடித்துப் போகும் வண்ணக் கயிறு, சாவிக்கொத்து, மாடிப்படியில் கைப்பிடியாகக் கட்டும் தடித்த கயிறு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. எங்களைப் போலவே மழைக்கோட்டு போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். நான் மனைவியின் காதோரம் குனிந்து சொன்னேன்: “தொழில் எப்பவோ செத்துப்போச்சு. கொலு பொம்மை மாதிரி எடுத்து வெச்சிருக்காங்க.” அவள் பதில் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்ததை நானும் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். அது நீளமான கொட்டகை. ஒரு முனையில் சுழலும் கொக்கிகள் வைத்த இயந்திரம். மறுமுனையில் எடை ஏற்றிய ஒரு சிறு வண்டி, தரையோடு தரையாக நகரக்கூடியது. இழைகளைச் சேர்த்து மூன்று கொக்கிகளில் மூன்று புரிகளாக இழுத்துக் கட்டுகிறார்கள். நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குவதற்குச் சீப்பு மாதிரி பல் வைத்த கட்டைகள். கொக்கிகள் சுழலச் சுழலப் புரிகளில் முறுக்கு ஏறுகிறது, நீளம் குறைகிறது, அந்த வண்டி தானாகவே முன்னால் இழுபட்டு வருகிறது. போதிய முறுக்கு ஏறியதும், மூன்று பள்ளம் வெட்டிய ஒரு மரக்குமிழைப் புரிகளுக்கு நடுவில் செருகுகிறார்கள். குமிழ் இயந்திரத்தை நோக்கி நகர்கிறது. அது விட்டுச்சென்ற இடத்தில் புரிகள் மூன்றும் ஒன்றாகிக் கயிறாக வந்துகொண்டே இருக்கின்றன. புரி முறுகுவது ஒரு பக்கம், கயிறு முறுகுவது எதிர்ப்பக்கம். இரண்டும் அவிழத்தான் பார்க்கின்றன. ஒன்று அவிழ வேண்டுமானால் மற்றது இன்னும் இறுக வேண்டும், அதனால் இரண்டும் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒரு சொட்டுப் பசை கிடையாது. சின்ன வயதிலிருந்து கையில் பிடித்த ஒரு சாமான், அது ஏன் பிரிந்துபோவதில்லை என்று நாற்பது வயதுவரை நான் யோசித்ததே இல்லை.

சரி, அதையும் ‘நல்ல ஷோ’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு கடைப்பக்கம் வந்தேன். அங்கேதான் அது நடந்தது. சாணி காய்ந்த பூட்ஸோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, எங்களுக்கு நடுவே ஊடுருவி நேராகக் கல்லாவுக்குப் போனார். அவருக்கு வேண்டியது மாட்டுத் தலைக்கயிறு. மூக்கணாங்கயிறு இல்லை. மூக்கைக் குத்தாமல், முகத்தைச் சுற்றி வந்து தாடைக்குக் கீழே இழுபடும் சுருக்கு. கண்காட்சிக்குக் கன்றுகளை நடத்திக் கூட்டிப்போக வெள்ளைக் கயிற்றில் இரண்டு, தொழுவத்துக்குச் சாதாரணமாக நான்கு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். போன தடவை வேறு எங்கோ வாங்கியது கன்றின் கன்னத்தைத் தேய்த்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம் ஒன்றை எடுத்து, இந்தச் சுருக்கு என் கன்றுக்குப் பெரிது, குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கல்லாவில் இருந்த பெண் அதை வாங்கி உள்ளே கொண்டு போனார். அத்தனை பேர் படம் பிடித்துக்கொண்டிருந்த அதே கயிற்றுக்காரர் கையிலிருந்ததை வைத்துவிட்டு, புரியைப் பிரித்து மறுபடி பின்னிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவர் ஆறு கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொலு பொம்மையிடம் போய் யாராவது அளவு குறைத்துத் தரச் சொல்வார்களா? மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றோடு போயிருக்கும், இத்தனை வருஷம் இது என்னைப் பிடுங்கியிருக்காது.

ஒரு பாதை திரும்பியதால் வந்த ஊர்

அதற்குப் பிறகு ஹாஸுக்கு ஏழெட்டுத் தடவை போயிருப்பேன். என் வாக்கியத்துக்குச் சாட்சி தேடித்தான் போனேன் என்று நினைக்கிறேன், முதல் சில தடவையாவது. சாட்சி கிடைக்காமலும் இல்லை. பழைய ரயில் நிலையமே இப்போது அருங்காட்சியகம். 1878-ல் வந்த ரயில், 1959-ல் கடைசிப் பயணியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நடைமேடையில் பார்வைக்கு ஒரு என்ஜினும் பெட்டிகளும் நிற்கின்றன, எங்கும் போகாமல். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் ஒரு சாண் நீளத்துக்கு மரக்குச்சிகள். சிலவற்றில் பூவேலை, சிலவற்றில் இரண்டு எழுத்துகள். முதலில் புல்லாங்குழல் என்று நினைத்தேன்.

அவை பின்னல் குச்சிகள். இடுப்புப் பட்டையில் வலப்பக்கமாகச் செருகிக்கொள்ள வேண்டும். குச்சியின் தலையில் உள்ள துளையில் ஒரு பின்னல் ஊசியின் அடி உட்கார்ந்துகொள்ளும். ஊசியின் பாரம் கையில் இல்லை என்பதால் விரல்கள் பறக்கும், நடந்துகொண்டே பின்னலாம். வென்ஸ்லிடேல் என்ற இந்தப் பள்ளத்தாக்கில் அப்படித்தான் பின்னினார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது, சந்தைக்கு நடக்கும்போது, பால் கறக்கப் போகும் வழியில். ஆண், பெண், பிள்ளை என்று வித்தியாசம் இல்லை. இரவில் விளக்கையும் விறகையும் மிச்சம் பிடிக்க ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டு காலுறை பின்னினார்கள். வியாபாரி சந்தை நாளில் கம்பளி நூலைக் கொடுத்துவிட்டு, முடிந்த காலுறைகளை வாங்கிக்கொண்டு போவான். குச்சியில் எழுத்து செதுக்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். செதுக்கியதைத் தனக்குப் பிடித்த பெண்ணுக்குக் கொடுப்பார்கள். மோதிரம் வாங்கக் காசில்லாத ஊரில், ஒரு பெண்ணுக்கு வேலைக்கான கருவியைத்தான் காதலோடு கொடுக்க முடிந்திருக்கிறது. இதை நினைத்துச் சிரிப்பதா வருந்துவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தொழில் போயே போய்விட்டது. இயந்திரம் கொன்றது என்று சொல்வது பாதிதான் சரி. ஆண்கள் முழங்காலோடு நிற்கும் கால்சட்டையை விட்டு நீளக் கால்சட்டைக்கு மாறினார்கள். நீளமான காலுறை யாருக்கும் தெரியாத இடத்தில் மறைந்துகொண்டது. லண்டனில் தையற்காரன் துணியை இரண்டு சாண் கூட்டி வெட்டினான், இருநூற்றைம்பது மைல் தள்ளி ஒரு மலைக்கிராமத்தில் ஊசி நின்றது.

இந்த ஊர் உருவானதே அப்படி ஒரு தூரத்து முடிவினால்தான். ஹாஸ் என்ற பெயருக்கு மலைகளுக்கு நடுவிலான கழுத்து, கணவாய் என்று பொருள். ஆனால் வெகுகாலம் அந்தக் கழுத்து வழியாகப் பெரிய போக்குவரத்து இல்லை. பள்ளத்தாக்கின் சந்தை, சற்றுக் கீழே ஆஸ்க்ரிக்கில் இருந்தது. 1587-ல் எலிசபெத் ராணி கொடுத்த உரிமை. கடிகாரம் செய்பவர்கள்கூட அங்கே இருந்தார்கள். ஹாஸுக்குச் சந்தை உரிமை கிடைத்தது 1699-ல். அதற்கும் பிறகு, ரிச்மண்டிலிருந்து லங்காஸ்டர் போகும் சுங்கச்சாலை பழைய ரோமானியப் பாதையைப் பிடித்து மலைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் அந்த மலையில் குதிரையோடு மாட்டினால் என்ன ஆகும் என்று அந்த வழியில் ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும். 1795-ல் சாலையைக் கீழே ஹாஸ் வழியாகத் திருப்பினார்கள். அவ்வளவுதான். ஹாஸில் சத்திரங்கள் நிறைந்தன, ஆஸ்க்ரிக் ஓய்ந்தது. இன்றைக்கும் ஆஸ்க்ரிக் அழகான ஊர். அழகு மட்டும் மிஞ்சுவது என்றால் என்ன என்று அங்கே போய்ப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே கெய்ல் என்ற சிற்றூரில் ஒரு ஆலை இருக்கிறது. 1784 வாக்கில் பருத்தி நூற்கக் கட்டியது. பருத்தி கட்டுப்படியாகவில்லை, ஆளிச்செடி நாருக்கு மாறினார்கள். அப்புறம் இந்தப் பின்னல்காரர்களுக்காகக் கம்பளி நூல். 1870களின் கடைசியில் தண்ணீரில் சுற்றும் டர்பைனைப் பொருத்தி மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கட்டடம், ஒரே ஓடை, நான்கு தொழில். ‘பாரம்பரியம்’ என்ற சொல்லை அந்த ஆலைக்காரர்களிடம் சொன்னால் என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். ஓடை ஓடுகிறதா, அதை வைத்து எதைச் சுற்றினால் காசு வரும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

பாலும் பிடிவாதமும்

ஹாஸ் என்றால் இங்கிலாந்தில் யாருக்கும் கயிறோ காலுறையோ நினைவுக்கு வராது, வென்ஸ்லிடேல் சீஸ்தான் வரும். வெளுப்பாக, லேசான புளிப்போடு, விரலால் அழுத்தினால் உதிர்வது. யார்க்ஷயர்க்காரர்கள் அதைப் பழக் கேக்கோடும், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’யோடும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். முதல் தடவை எனக்குக் குமட்டியது. இப்போது அது இல்லாமல் கேக் இறங்குவதில்லை.

சீஸின் கதையைக் கடைகளில் துறவிகளிலிருந்து தொடங்குவார்கள். 1156-ல் ஜெர்வோவில் மடம் அமைத்த சிஸ்டெர்ஷியன் என்ற கிறிஸ்தவப் பிரிவுத் துறவிகள் ஆட்டுப்பாலில் செய்தார்கள், எட்டாம் ஹென்றி மடங்களை இடித்த பிறகு அந்தக் கைப்பக்குவம் பண்ணைப் பெண்களிடம் வந்தது, பால் மெல்ல மெல்ல மாட்டுப்பால் ஆனது. நல்ல கதைதான், பொட்டலத்தின் மேல் அச்சடிக்கத் தோதானது. எனக்குப் பிடித்த கதை அதற்கெல்லாம் பிறகு தொடங்குகிறது. 1897-ல் எட்வர்ட் சாப்மன் என்ற உள்ளூர் வியாபாரி, பண்ணை பண்ணையாகப் பாலை வாங்கி ஒரே இடத்தில் சீஸ் செய்ய ஆரம்பித்தார். பள்ளத்தாக்கின் முதல் சீஸ் ஆலை அது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அது தள்ளாடியது. அரசு அமைத்திருந்த பால் விற்பனை வாரியம் ஒரு யோசனை சொன்னது: ஆலையை மூடுங்கள், பாலை வேறு ஊரில் இருக்கும் பெரிய பால்பண்ணைக்கு அனுப்பிவிடலாம்.

கணக்குப் பார்த்தால் அது தப்பான யோசனை இல்லை. அதை ஏற்காதவர் கிட் கால்வர்ட். பக்கத்து பர்ட்டர்செட்டில் கல் உடைக்கும் தொழிலாளியின் மகன், 1903-ல் பிறந்தவர். வாயில் எப்போதும் களிமண் சுங்கான். 1935-ல் ஊர் மண்டபத்தில் விவசாயிகளைக் கூட்டி, பாலை வெளியே அனுப்பிவிட்டால் நாளைக்கு விலையை யார் சொல்வது என்று பேசினார். உள்ளூர்க்காரர்கள் தங்கள் பணத்தைப் போட்டு ஆலையை வாங்கிக்கொண்டார்கள். கையில் காசே புழங்காத வருஷத்தில் அந்தப் பவுண்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்த விவசாயிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கால்வர்ட் பிற்காலத்தில் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையும் வைத்திருந்தார். அவர் கடையில் இல்லாவிட்டால், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசைத் தட்டில் போட்டுவிட்டுப் போகலாம். பைபிளின் புதிய ஏற்பாட்டில் சில பகுதிகளை அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சு வழக்கில் பெயர்த்திருக்கிறார். இயேசு வென்ஸ்லிடேல்காரர் மாதிரி பேசினால் ஆட்டுக்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1966-ல் ஆலை பால் வாரியத்துக்கே விற்கப்பட்டது. வாரியத்தின் துணை நிறுவனமான டெய்ரி க்ரெஸ்ட்டின் கைக்குப் போனது. 1992 மே மாதம் டெய்ரி க்ரெஸ்ட் அதை மூடியது. 59 பேருக்கு வேலை போனது. ஆயிரம் பேர் ஊரில் 59 வேலை என்றால் எத்தனை அடுப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட ஊரைக் கொதிக்க வைத்தது, வென்ஸ்லிடேல் சீஸை இனி பக்கத்து மாவட்டமான லங்காஷயரில் செய்வோம் என்றதுதான். யார்க்ஷயருக்கும் லங்காஷயருக்கும் அவரவர் சின்னமான ரோஜாப்பூவை வைத்து ஐந்நூறு வருஷப் பகை. வேறு எங்கே கொண்டு போயிருந்தாலும் இத்தனை கோபம் வந்திருக்காது. ஆலையின் பழைய மேலாளர்கள் சிலர் ஒரு உள்ளூர்த் தொழிலதிபரோடு சேர்ந்து அதை வாங்கினார்கள். அதே வருஷம் முடிவதற்குள், பழைய தொழிலாளர்கள் சிலரோடு தொட்டியில் மறுபடி பால் ஊற்றப்பட்டது.

மறுபடி திறந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கொலு வாக்கியத்தைக் குத்தும் இடம். ஆலையில் பார்வையாளர் மண்டபம் வைத்தார்கள். சீஸ் செய்வதைப் பார்க்கலாம், சுவைக்கலாம், வாங்கலாம். அதாவது, நான் எதை இளக்காரமாகப் பேசினேனோ அதையே செய்தார்கள். அப்புறம் 1995-ல் ஒரு களிமண் அனிமேஷன் படத்தில் வழுக்கைத் தலைப் பாத்திரம் ஒன்று வென்ஸ்லிடேல் சீஸின் பெயரைச் சொல்லிவிட்டது. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுவை இல்லை. அதைச் சொல்லும்போது பொம்மையின் வாய் பல் தெரிய அழகாக விரிந்தது, அவ்வளவுதான். விற்பனை ஏறியது. ஊரைக் காப்பாற்றியதில் நிஜமாகவே ஒரு பொம்மைக்கும் பங்கு உண்டு. நான்தான் பொம்மையை வசையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். 2013-ல் ‘யார்க்ஷயர் வென்ஸ்லிடேல்’ என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. லங்காஷயர்க்காரர்கள் அந்தப் பெயரை இனித் தொட முடியாது. ஆனால் 2019-ல் கனடாவின் சபுடோ என்ற பால் நிறுவனம் டெய்ரி க்ரெஸ்ட்டை வாங்கியது. 2021-ல் அதே சபுடோ வென்ஸ்லிடேல் ஆலையையும் வாங்கியது. 1992-ல் மூடிய கையும், மூடாதே என்று பிடுங்கிய கையும் இப்போது ஒரே சட்டைக்குள். செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என்னுடைய ஊரா, என்னுடைய மாடா, எனக்கு ஏன் கோபம்? அதற்கு அடுத்த தடவை போனபோது, ஆலைக்குப் பால் ஊற்றும் குடும்பம் ஒன்றைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். “பால் லாரி வருகிறதா? வருகிறது. விலை கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள். வராத அன்றைக்குப் பார்ப்போம்.” கால்வர்ட்டின் ஊர்க்காரர் இப்படிப் பேசலாமா என்று இருந்தது. காரில் திரும்பி வரும்போது, கால்வர்ட்டும் 1935-ல் கூட்டம் போட்டது அந்த ‘வராத அன்றைக்கு’த்தானே என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஊசலாடிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை

கடைசியாக ஒன்று. ஹாஸுக்குப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போங்கள், சந்தை அன்றைக்குத்தான். தெருவில் போட்டிருக்கும் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பர்ட்டர்செட் சாலையில் இருக்கும் கால்நடை ஏலக்களத்துக்கு நடங்கள். அங்கே விளக்கப் பலகை கிடையாது. வட்டமான சிறு களம், சுற்றிலும் படிப்படியாக ஏறும் இருக்கை, ஈரக் கம்பளி வாசனை. செப்டம்பரில் போனால் ‘மியூல்’ குட்டிகள் வரும். மலையில் மேயும் ஸ்வேல்டேல் பெட்டைக்கும் நீலமுக லெஸ்டர் கடாவுக்கும் பிறந்த கலப்புப் பெட்டைக்குட்டிகள். தாயிடமிருந்து மழை தாங்கும் உடம்பு, தகப்பனிடமிருந்து நிறையக் குட்டி போடும் குணம். சமவெளிப் பண்ணைக்காரர்கள் தொலைவிலிருந்து இதற்காகவே வருவார்கள். ஏலக்காரர் பேசுவது முதல் அரைமணி நேரம் எந்த மொழி என்றே பிடிபடாது. விலை கேட்பவர்களோ இமையைக்கூடத் தூக்கமாட்டார்கள். நான் தலையைச் சொறிந்துகொள்ளப் பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏலம் முடிந்ததும் விற்றவர் வாங்கியவரைத் தேடிப் போய், கிடைத்த பணத்தில் கொஞ்சம் கையில் வைத்து அழுத்துவார். ‘லக் மணி’ என்று பெயர். சட்டம் ஒன்றும் கிடையாது. கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் அவன் உன் குட்டியைத் திரும்பிப் பார்க்கமாட்டான், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரை அங்கே மறுபடி பார்ப்பேன் என்று ஒவ்வொரு தடவையும் எதிர்பார்ப்பேன். பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. முதல் தடவை நான் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வரவில்லை. அவர் போன பிறகு, அவர் வாங்கியதைப் போலவே ஒரு தலைக்கயிறு நானும் வாங்கினேன், வெட்கத்தில். எங்களிடம் மாடு இல்லை. வெகுநாள் சும்மா பின்கதவில் தொங்கியது. எங்கள் வீட்டுக் கொலுப்படி, பழைய புத்தக அலமாரியின் பலகைகளை அடுக்கியது. நாலாவது படி எப்போதும் ஆடும். ஒரு நவராத்திரிக்கு மனைவி ஸ்டூல் மேல் ஏறி நின்று, “அந்தக் கயித்தை எடுங்க” என்றாள். எந்தக் கயிறு என்று கேட்டேன். “செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அது.” எடுத்துக் கொடுத்தேன். படி அதற்கப்புறம் ஆடவில்லை.